பக்கத்தில் போய் நிற்பவர்

அவரை நான் முதன்முதலில் கண்டது பஸ்ஸுக்குள். ஜேர்மனியில் நொய்கெல்ன் என்கிற பகுதியில் புது வீட்டுக்கு வந்து ஒரு கிழமைதான் இருக்கும். துப்புரவு வேலையை முடித்து, கிண்டர்கார்டனில் இருந்து மகளையும் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸின் நடுவில் முக்காடு போட்ட ஒரு இளம்பெண், தள்ளுவண்டிலில் குழந்தையோடு நின்றாள். வண்டில் யாரோ ஒரு ஆளின் காலில் முட்டிவிட்டதாம். நல்ல கோட்டு அணிந்த ஆள், குடித்தவனும் இல்லை. காலில் தொடங்கியவன் அவளுடைய முக்காடு, அவளுடைய நாடு, அவள் பெறுகிற பிள்ளைகள் என்று குரலை ஏற்றிக்கொண்டே போனான். பஸ் முழுக்கச் சனம். எல்லோரும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்சீற்றில் இருந்து வயதான ஒரு பெண் எழும்பினார். குள்ளமான ஆள், மண்ணிறக் கோட்டு, கையில் தடி. ஓடுகிற பஸ்ஸில் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துக்கொண்டு வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றார். கத்துகிறவனோடு ஒரு சொல் பேசவில்லை. குனிந்து குழந்தையைப் பார்த்து, "பல்லு முளைக்குது போல, என்ன?" என்று தாயிடம் கேட்டார். அவள் ஏதோ முணுமுணுத்தாள். "நித்திரை கொள்ள விடாதே? என்ர மகளும் அப்பிடித்தான்." அவன் இறங்கும்வரை கத்திக்கொண்டுதான் இருந்தான். இவரும் அவன் இறங்கும்வரை பல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 

எங்கள் தரிப்பில்தான் அவரும் இறங்கினார். எங்கள் கட்டடத்தின் கதவைத்தான் அவரும் திறந்தார்.

"கீழ்வீட்டுக்கு வந்த ஆக்கள் நீங்கள்தானே? நேற்று என்ன வறுத்தனீங்கள்? தும்மித் தும்மி என்ர மூக்குப் போச்சு."

"மிளகாய்த்தூள்," என்றேன் பயந்தபடி.

"இனி வறுக்கேக்க எனக்குச் சொல்லுங்கோ. யன்னலைத் திறந்து வைக்கிறன். தும்மல் வந்தாலும் நல்ல மணம்."

அவர் பேசியது ஜேர்மன். ஆனால் எனக்குள் அவருடைய குரல் எங்கட தமிழாகத்தான் இருக்கிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன். பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் அவர் "மேல்வீட்டு அம்மா". கடைசிவரைக்கும் அதுதான்.

பாமசியில் மருந்து கொடுக்கிற வேலை செய்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். ஒரே மகள் கனடாவில். காலையில் வானொலிச் செய்தியோடு வாய்ச்சண்டை பிடிப்பார். அது எங்கள் குசினிக்கூரை வழியாகக் கேட்கும். வெள்ளிக்கிழமைகளில் இருட்டுவதற்கு முன் இரண்டு மெழுகுதிரி ஏற்றுவார். ஒருநாள் அதைக் கண்ட என் மகள், "உங்களுக்கு ஒவ்வொரு கிழமையும் பிறந்தநாளா?" என்று கேட்டுவிட்டாள். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு, "நாங்கள் யூதர், கண்ணம்மா. எங்களுக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு நாள் ஓய்வு. அதை விளக்கு வைச்சுக் கூப்பிடுறனாங்கள்," என்றார். நான் மன்னாரில் வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளை. யூதர் என்றால் எனக்கு வேதாகமத்தில் இருப்பவர்கள். மேல்மாடியில் ஒருவர் இருப்பார் என்று நினைத்ததே இல்லை.

சில வருடம் பழகிய பிறகு ஒருநாள், "இனி என்னை 'நீ' எண்டு கூப்பிடு," என்றார். ஜேர்மன்காரர் அப்படிச் சொன்னால் நெருங்கிய ஆளாக ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

"எனக்கு ஏலாது அம்மா. வயசு போன ஆக்களை நீ எண்டால் என்ர தாய் கல்லறைக்குள்ள இருந்து எழும்பி வருவா."

"அப்ப நான் உன்னை நீ எண்டுறன். நீ என்னை நீங்கள் எண்டு சொல்லு. ஆனா இது நியாயமில்லை," என்றார். அப்படியே நடந்தது.

நியாயம் என்ற சொல் அவருடைய வாயில் அடிக்கடி வரும். ஆனால் நியாயம் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு அவ்வளவு பிடிக்காது. "நியாயம் கதைக்கிறது பிறகு. முதல் பக்கத்தில போய் நில்லு," என்பார்.

இந்தப் பக்கத்தில் போய் நிற்பதை நான் எத்தனையோ இடங்களில் கண்டிருக்கிறேன். என் மனுசனுக்கு விசா புதுப்பிக்கிற அலுவலகத்தில் ஒரு அதிகாரி இருந்தார். எல்லோரிடமும் "நீங்கள்" என்பவர், எங்களைக் கண்டதும் "நீ" என்பார். இதைக் கேள்விப்பட்டு அடுத்த தடவை அம்மாவும் எங்களோடு வந்தார்.

"நீங்கள் ஆர்? வக்கீலா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை. மேல்வீடு."

"அப்ப நீங்கள் இதில கதைக்க ஏலாது."

"நான் கதைக்க வரேல்லை. நிக்கத்தான் வந்தனான்."

கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. என் மனுசனின் தோளுக்குப் பக்கத்தில் தடியை ஊன்றியபடி, அதிகாரியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்த வாயில் "நீங்கள்" என்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனுசன் அவருக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்தனுப்பினார். ஆனால் அதே மனுசன், அடுத்த வருடம், "அந்த மனிசியை இனி எங்கட விசயங்களுக்குள்ள விடாதை," என்று சொல்ல வேண்டி வந்தது.

அது ஜெனிற்றாவின் கல்யாணத்தால் வந்தது. ஜெனிற்றா என் மனுசனுடைய சித்தப்பாவின் மகள். இங்கேயே பிறந்து படித்து ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிற பிள்ளை. அவள் விரும்பின பெடியனும் தமிழன்தான். ஆனால் சித்தப்பா மறுத்துவிட்டார். கல்யாணத்துக்கு எவரும் போகக்கூடாது என்று சொந்தம் முழுவதற்கும் போன் எடுத்துச் சொல்லிவிட்டார்.

"போகேலாது," என்றார் என் மனுசன். "அவன் என்ன ஆக்கள் எண்டு உனக்குத் தெரியாதே? நாளைக்கு எங்கட பிள்ளைக்கும் ஒரு இடம் பாக்கவேணும்."

நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரம் கழுவின கிண்ணத்தைத் திருப்பித் தர அம்மா வந்துவிட்டார். என்ன சண்டை என்று கேட்டார். "ஆக்கள்" என்பதற்கு ஜேர்மனில் வெறும் மனிசர் என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது.

"மாப்பிள்ளை வேறை ஆக்கள்."

"வேறை எண்டால்? ஜேர்மன்காரரா?"

"இல்லை, தமிழர்தான்."

"வேறை சமயமா?"

"இல்லை. எங்களைப் போல கத்தோலிக்கர்தான்."

"அப்ப என்ன வேறை?"

நானும் மனுசனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.  அம்மா குரலைத் தாழ்த்தி, "இரத்தம் எண்டு சொல்லுவினமா?" என்று கேட்டார்.

"ஓம். சில ஆக்கள் அப்பிடிச் சொல்லுவினம்."

கிண்ணத்தை மேசையில் வைத்தார். "கல்யாணம் எத்தினை மணிக்கு?"

தடியோடு ஒரு வயதான மனிசியை இரண்டு பஸ் மாறித் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானும் போனேன். கோயிலில் மாப்பிள்ளை பக்கம் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பெண் பக்கத்து வாங்கு இருக்கைகளில் அவளோடு வேலை செய்கிற தாதிமார் சிலர் மட்டும். ஜெனிற்றா வாசலில் வந்து நின்றாள். கையைப் பிடித்துக் கூட்டி வரத் தகப்பனும் இல்லை, அண்ணனும் இல்லை. பாட்டுத் தொடங்கிவிட்டது. அவள் நடக்கத் தொடங்கவில்லை.

"பொம்பிளை தனியவா நடக்கப் போகுது?" என்று என்னிடம் கேட்டார் அம்மா. நான் பதில் சொல்வதற்குள் தடியை ஊன்றி வாசலுக்குப் போய்விட்டார். ஜெனிற்றாவுக்கு அவர் யாரென்றே தெரியாது. விழித்தாள். அவர் என்னைக் காட்டி, "நான் அவவின்ர மேல்வீடு," என்றார். பிறகு முழங்கையை நீட்டினார். அந்தத் தடியின் வேகத்தில் நடந்ததில் பாட்டு முடிந்து, திரும்பத் தொடங்கி, அது முடிகிறபோதுதான் இரண்டு பேரும் பீடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் விம்மிக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிறபோது, "எங்கட கோயிலுக்குள்ள, யேசுநாதருக்கு முன்னால நிண்டனீங்கள். உங்களுக்கு ஒண்டுமில்லையா?" என்று கேட்டேன்.

"அவரும் எங்கட ஆக்கள்தானே," என்றார்.

சித்தப்பா வீட்டார் இன்றைக்கும் எங்களுக்கு நத்தார் வாழ்த்துச் சொல்வதில்லை. மனுசனும் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இது தெரிந்ததும் அம்மா கீழே வந்தார். "என்னால உனக்குக் கரைச்சலா?" என்றார். ஓம் என்றேன். "மன்னிச்சுக்கொள். ஆனா திரும்ப நடந்தாலும் நான் போவன்." அது மன்னிப்புப் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சிவம் அண்ணை என்று ஒருவர் இருந்தார். வன்னிக்காரர். போரின் கடைசியில் மனிசியையும் பிள்ளையையும் இழந்துவிட்டு வந்தவர். ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடும் தோற்றுப்போய் இருந்தது. ஒருநாள் விடியப்புறம் நான் வேலைக்கு வெளிக்கிட்டுப் படியில் இறங்கினால், அவருடைய வாசலில் பொலிஸ். அண்ணை சட்டைப் பொத்தானைப் பூட்டத் தெரியாமல் பூட்டிக்கொண்டு நின்றார். ஒரு சின்னப் பை. அவ்வளவுதான்.

மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா இரவு உடுப்போடு, அதற்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். கைப்பிடியைப் பிடித்து இறங்க அவருக்குக் கனநேரம் எடுத்தது. பொலிஸ்காரர்களில் ஒருவன் இளம் ஆள், மரியாதையானவன். "மேல போங்கோ அம்மா, குளிருது," என்றான்.

"இவர் போற வரைக்கும் நான் இஞ்சதான்."

அண்ணையின் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் பூட்டிவிட்டார். பிறகு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பொலிஸ்காரர்கள் தடுக்கவில்லை. அண்ணைக்கு ஜேர்மன் வராது. வழி முழுக்க, "அம்மா, அம்மா," என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனார். அந்தச் சொல் இரண்டு மொழிக்காரருக்கும் விளங்கும். வான் கதவைச் சாத்துகிறபோதுதான் அவர் கையை விட்டார். வான் போன பிறகும் நனைந்த தெருவில் அப்படியே நின்றார்.

"என்ன பிரியோசனம் அம்மா?" என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. "கொண்டு போட்டாங்களே. நீங்கள் நிண்டும் ஒண்டும் நடக்கேல்லையே."

"நிப்பாட்ட ஏலும் எண்டா நிண்டனான்?" என்றார். "ஒரு ஆளைக் கொண்டு போகேக்க அந்த ஆள் தனியப் போகக்கூடாது. அவ்வளவுதான்."

சிவம் அண்ணையைப் பற்றி இன்றுவரை எங்களுக்கு ஒரு சேதியும் இல்லை. கொழும்பில் இறங்கினார் என்பது மட்டும் தெரியும். வக்கீலையும் கேட்டோம், கோயிலிலும் கேட்டோம். படியில் என்னைக் காணுகிற நேரமெல்லாம் அம்மா புருவத்தை உயர்த்துவார். நான் தலையை ஆட்டுவேன். பிறகு பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்த வருடம்தான் அம்மாவின் தபால்பெட்டியில் யாரோ கறுப்பு மையால் யூதரின் நட்சத்திரம் கீறி, கீழே ஒரு கெட்ட சொல்லையும் எழுதிவிட்டுப் போனார்கள். நான் வாளியும் மருந்துமாக ஓடினேன். என் தொழிலே அதுதானே.

"அழிக்காதை," என்றார். "எல்லாரும் வாசிக்கட்டும்."

எல்லோரும் வாசித்தார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போனார். ஒரு அம்மணி, "பொலிஸுக்குச் சொன்னனீங்களா?" என்று நடந்தபடியே கேட்டார். கீழே மரக்கறிக் கடை வைத்திருக்கிற லெபனான்காரர் மட்டும் ஒரு கதிரையும் தேநீரும் கொண்டு வந்தார். அம்மா அந்தக் கதிரையில், தபால்பெட்டிக்குப் பக்கத்தில், பின்னேரம் வரைக்கும் இருந்தார். தேநீர் ஆறிப்போய்விட்டது. நானும் கடைக்காரரும் மாறி மாறி அவரோடு இருந்தோம். இருட்டியதும், "சரி, இப்ப அழி," என்றார். நான் தேய்த்தேன். சொல் போய்விட்டது. உற்றுப் பார்த்தால் நட்சத்திரத்தின் கோடு மட்டும் தெரிந்தது.

அன்றிலிருந்து அவர் கதவை இரண்டு தரம் பூட்டத் தொடங்கினார். நான் தட்டினால், "ஆர்?" என்று கேட்டுவிட்டு, பதில் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நிற்பார். மறதியும் வந்தது. முதலில் சாவி, பிறகு அடுப்பு, பிறகு என் மகளின் பெயர். கனடாவில் இருந்து மகள் வந்து அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்.

அந்த மகளை நான் மூன்று நாலு தரம்தான் கண்டிருப்பேன். தாயைப் போலவே குள்ளமான ஆள். இல்லத்தின் வாசலில் இருந்து சிகரெட் பிடித்தபடி என்னிடம் சொன்னார்: "எல்லாருக்கும் பக்கத்தில போய் நிண்டவ. நான் பள்ளிக்கூடத்தால வரேக்க மட்டும் வீட்டில நிக்கமாட்டா. ஏதாவது ஒரு ஊர்வலம், இல்லாட்டி ஒரு வழக்கு. எனக்குக் கனகாலம் கோவம்." பிறகு சிகரெட்டை அணைத்துவிட்டு, "உங்களுக்கு அவ தோட்டக் குடிலைப் பற்றிச் சொன்னவவா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எனக்கும் கிட்டடியிலதான் சொன்னவ."

இவ்வளவுதான் அவர் சொன்னது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, சின்னப் பிள்ளையாக இருந்த அம்மாவும் அவருடைய தாயும் நகரத்து விளிம்பில், யாரோ ஒருவரின் தோட்டத்துப் பலகைக் குடிலுக்குள் ஒளிந்திருந்தார்கள். யன்னல் உயரத்துக்கு மேலே தலை தெரியக்கூடாது. பகல் முழுக்க நிலத்தில்தான். "நான் வாற வரைக்கும் எழும்பக்கூடாது," என்று சொல்லிவிட்டுத் தாய் சாப்பாடு தேடிப் போவார். ஒருநாள் திரும்பி வருகிறபோது குடிலுக்கு முன்னால் போகிற சின்ன ஒழுங்கையில் வைத்துத் தாயைப் பிடித்துவிட்டார்கள். பிள்ளை பலகை இடுக்குக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தது. தாய் குடிலின் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பார்த்தால் உள்ளே பிள்ளை இருப்பது தெரிந்துவிடும். பையைப் பிடித்தபடி நேரே நடந்து போய்விட்டார். பிள்ளையும் எழும்பவில்லை. எழும்பக்கூடாது என்று சொல்லியிருந்தார்தானே.

 எங்கள் ஊர்க் கோயில் வளவில் இருந்து போர்நேரத்தில் என் அண்ணனைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போன நாள் என் கண்ணுக்குள் வந்துவிட்டது. அவனைப் பற்றி நான் அம்மாவிடம் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. அவரும் என்னிடம் சொல்லவில்லை. இத்தனை வருடமாக மிளகாய்த்தூளைப் பற்றியும் விசாவைப் பற்றியும்தான் பேசியிருக்கிறோம்.

அம்மா இறந்தது அடுத்த மாரிக் குளிரில். வெறும் பலகையில் செய்த சாதாரணப் பெட்டி. பூ கொண்டு போனேன். யூதர் பூ வைப்பதில்லை, கல்தான் வைப்பது என்றார்கள். ஜெனிற்றா வயிற்றில் பிள்ளையோடு வந்திருந்தாள். என் மனுசன் குழிக்குள் மண் போட்டுவிட்டு, மரக்கறிக் கடைக்காரரின் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தமிழில் ஏதோ செபம் சொன்னார்.

ஆனால் எனக்கு அவரை நினைத்தால் அந்தக் குழி வருவதில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது.

பூசை முடிந்து, வழக்கம்போல் இல்லத்துக்குப் போனேன். கட்டில் வெறுமையாக இருந்தது. அலுமாரிக்கும் யன்னலுக்கும் இடையில், நிலத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினேன். அவர் என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்.

"குனி! தலை தெரியுது!"

தாதிமார் இப்படியான நேரங்களில், "ஒருத்தரும் இல்லை, எழும்புங்கோ," என்று சொல்லித் தூக்கிவிடுவார்கள். அது சரியான முறையாக இருக்கலாம். எனக்கு அது வரவில்லை. நானும் அவருக்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்தேன். அவருடைய கை ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். அறைக்கு வெளியே நடைபாதையில் சாப்பாட்டு வண்டில் உருண்டு போனது. அது போகும்வரை அவர் மூச்சு விடவில்லை.

கனநேரம் இருந்தோம். பிறகு என் காதுக்குள், ஒரு சின்னப் பிள்ளையின் குரலில், "இப்ப நான் எழும்பலாமா?" என்று கேட்டார்.

 "ஓம் அம்மா. எழும்புங்கோ," என்றேன்.

முழங்கால் விடவில்லை. யன்னல் விளிம்பை ஒரு கையாலும் என் கழுத்தை மறுகையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக எழும்பினார். வெளியே சாம்பல் வானம். இல்லத்து வாசலில் இருந்து பஸ் தரிப்புக்குப் போகிற பாதையில் யாரோ ஒரு பெண், கையில் பையோடு போய்க்கொண்டிருந்தாள். அம்மா கண்ணாடியில் நெற்றி முட்ட அவளையே பார்த்தார்.

"தனியப் போறா," என்றார்.

கதவுப் பக்கம் திரும்பினார். ஒரு அடி வைத்தார். கால் மடங்கிவிட்டது. நான் தாங்கிப் பிடித்தேன். அவர் என் கையை உதறப் பார்த்தார். நோயாளியின் பலம்தான், ஆனால் முழுப் பலத்தோடும் உதறினார். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் வளைவில் மறைந்துபோனாள்.